நாய் டார்க் சாக்லேட் தின்றுவிட்டது, இப்போதே போக வேண்டுமா?

தேன்சிட்டு, இரவு 8:52

எங்கள் மணி பக் இனம், நான்கு வயது, எடை 8 கிலோ. அடுத்த அறையில் மேசை மேல் இருந்த டார்க் சாக்லேட்டை இழுத்துப் போட்டுத் தின்றிருக்கிறான். 100 கிராம் பட்டை, உறையில் 70 சதவீதம் கோகோ என்று போட்டிருக்கிறது. மிச்சம் கிடந்ததை நிறுத்துப் பார்த்தேன், 40 கிராம் இருக்கிறது. அரை மணி நேரத்துக்குள் நடந்திருக்க வேண்டும், அதற்கு முன் அவன் என்னோடுதான் இருந்தான்.

இப்போது வாலை ஆட்டிக்கொண்டு எப்போதும் போலத்தான் இருக்கிறான். நாங்கள் வழக்கமாகப் போகும் மருத்துவமனை மூடிவிட்டது. காலை வரை பார்த்துவிட்டுப் போகலாமா, இல்லை இரவோடு இரவாக எங்காவது கொண்டுபோக வேண்டுமா? வாந்தி எடுக்க வைக்க வீட்டில் ஏதாவது கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

மலைக்காற்று, இரவு 8:56

பயப்படாதீர்கள். எங்கள் வீட்டு லாப்ரடார் பிள்ளைகள் கையிலிருந்து சாக்லேட்டைப் பிடுங்கித் தின்றிருக்கிறது, ஒன்றும் ஆனதில்லை. கொஞ்சம் பால் கொடுத்துப் படுக்க விடுங்கள், பால் விஷத்தை முறித்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

நாலுகால், இரவு 8:58

காலை வரை காத்திருக்க வேண்டாம். இரவில் திறந்திருக்கும் விலங்கு மருத்துவமனை எது என்று தேடி முதலில் போன் போடுங்கள். எடை, எந்த வகைச் சாக்லேட், எவ்வளவு தின்றான், எப்போது தின்றான் என்ற நான்கையும்தான் அவர்கள் கேட்பார்கள். நான்கையும் நீங்களே தெளிவாக எழுதிவிட்டீர்கள், அதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள். சாக்லேட் உறையைக் கையோடு எடுத்துப் போங்கள். உறையையும் சேர்த்துத் தின்றானா என்று பாருங்கள்.

கரிசல், இரவு 9:01

உப்பைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினால் உடனே வாந்தி எடுத்துவிடும். பெரியவர்கள் அப்படித்தான் செய்வார்கள். மருத்துவமனையைத் தேடி அலையும் நேரத்தில் இதைச் செய்து முடித்துவிடலாம்.

ஊசிமருந்து, இரவு 9:04

தேன்சிட்டு, நான் விலங்கு மருத்துவர். பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். இப்போதே கிளம்புங்கள். வீட்டில் எதுவும் கொடுக்காதீர்கள். பால் வேண்டாம், உப்பு வேண்டவே வேண்டாம்.

70 சதவீதச் சாக்லேட்டில் கிராமுக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் தியோப்ரோமினும் (கோகோவில் நாய்க்கு விஷமாகும் பொருள்), அதோடு 1 மில்லிகிராம் அளவுக்குக் கஃபீனும் இருக்கும். 60 கிராமுக்கு இரண்டும் சேர்ந்து 540 மில்லிகிராம். மணியின் எடை 8 கிலோ என்றால் ஒரு கிலோவுக்கு 67 வருகிறது. கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டினால் வலிப்பு வரலாம் என்று எடுத்துக்கொண்டுதான் நாங்கள் வேலை செய்வோம். அவன் இப்போது நன்றாக இருப்பது ஆச்சரியமில்லை, விஷம் இன்னும் ரத்தத்தில் ஏறவில்லை. அதுதான் உங்களுக்குக் கிடைத்திருக்கிற நேரம். சாக்லேட்டில் பெரும்பகுதி இன்னும் வயிற்றில்தான் கிடக்கும், அதை வெளியே எடுக்க மருத்துவமனையில் ஊசி இருக்கிறது.

இன்னொன்று, மணி பக். தட்டையான முகம் கொண்ட இனங்களுக்கு மூச்சுப்பாதை ஏற்கனவே குறுகல். வாந்தி எடுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து மற்ற நாய்களைவிட இவற்றுக்கு அதிகம். வாந்தி எடுக்க வைப்பது மருத்துவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம்.

போகும் வழியில் அவனை விளையாட விடாதீர்கள், ஓட விடாதீர்கள். ஒருவர் வண்டி ஓட்ட, ஒருவர் அவனைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் போன் செய்துவிட்டால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் எல்லாவற்றையும் தயாராக எடுத்து வைத்திருப்பார்கள்.

தேன்சிட்டு, இரவு 9:07

போன் செய்துவிட்டோம். உடனே வரச் சொன்னார்கள், 25 நிமிடப் பயணம். உறையில் ஒரு துண்டு கிழிந்திருக்கிறது, அதைத் தின்றானா தெரியவில்லை. கிளம்புகிறோம். மிக்க நன்றி டாக்டர், நாலுகால் அண்ணா.

நாலுகால், இரவு 9:10

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். கிழிந்த துண்டைப் பற்றி அங்கே சொல்ல மறக்க வேண்டாம். மெழுகுத்தாள் சின்னத் துண்டு என்றால் பெரும்பாலும் அதுவாகவே வெளியே வந்துவிடும். அலுமினியத் தாளோ பிளாஸ்டிக்கோ பெரிதாகப் போயிருந்தால் குடலில் அடைத்துக்கொள்ளும்.

கரிசல், உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாய்க்கு உப்புத் தண்ணீர் ஊற்றினால் வாந்தி வருமா வராதா என்று யாராலும் சொல்ல முடியாது. வராவிட்டால் அந்த உப்பு முழுவதும் ரத்தத்தில் ஏறும். சோடியம் ஏறினால் நடுக்கமும் வலிப்பும் வரும், உயிரே போகும். சாக்லேட்டால் சாகாத நாய் உப்பால் சாகக்கூடும். இதை நான் கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள், இந்தப் பக்கத்தை நாளைக்கு வேறு யாராவது அவசரத்தில் தேடி வந்து படிப்பார்கள்.

கரிசல், இரவு 9:16

கடுமை ஒன்றும் இல்லை அண்ணா, நல்லதுக்குத்தானே சொல்கிறீர்கள். நான் சொன்னதை யாரும் செய்ய வேண்டாம். ஆனால் டாக்டரிடம் ஒரு கேள்வி. மருத்துவமனை பக்கத்தில் இல்லாதவர்கள் என்ன செய்வது? மூன்று நான்கு மணி நேரப் பயணம் என்றால்? வாந்தி எடுக்க வைக்க ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கலாம் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன்.

ஆழி, இரவு 9:20

எனக்கும் ஒரு சந்தேகம். இதே 60 கிராமை நான் தின்றால் எனக்கு எதுவும் ஆகாது. நாய்க்கு மட்டும் ஏன் விஷம்? அப்புறம், அந்தக் கணக்கை எங்களைப் போன்றவர்கள் போட்டுப் பார்க்கும்படி கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா டாக்டர்?

ஊசிமருந்து, இரவு 9:41

ஆழியின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

கோகோவில் இருக்கும் தியோப்ரோமின், காபியில் இருக்கும் கஃபீனுக்கு நெருங்கிய சொந்தம். இரண்டும் இதயத்தைத் தூண்டும், நரம்புகளைத் தூண்டும், சிறுநீரை அதிகமாக்கும். நம் உடல் உள்ளே போன தியோப்ரோமினில் பாதியை 6 முதல் 10 மணி நேரத்துக்குள் உடைத்துவிடும். நாயின் கல்லீரல் அதே பாதியை உடைக்க ஏறக்குறைய 17 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல், பித்தத்தோடு குடலுக்குள் வருவது திரும்ப ரத்தத்துக்குப் போகும், சிறுநீர்ப்பையில் தேங்கி நிற்பதும் அதன் சுவர் வழியாக ஓரளவு திரும்பிப் போகும். வெளியேற வேண்டியது சுற்றிச் சுற்றி உள்ளேயே வருவதால்தான் சில நாய்களுக்குத் தொந்தரவு 72 மணி நேரம் வரைகூட நீடிக்கிறது. நம் எடையும் ஒரு காரணம். 60 கிலோ மனிதருக்கு 60 கிராம் போவதும் 8 கிலோ நாய்க்கு அதே 60 கிராம் போவதும் ஒன்றில்லை.

இனி கணக்கு. தியோப்ரோமினும் கஃபீனும் சேர்ந்து கிராமுக்கு எவ்வளவு என்று தோராயமாக நினைவில் வைத்தால் போதும். மில்க் சாக்லேட்டில் 2 மில்லிகிராமுக்குச் சற்று மேல். பாதியளவு கோகோ உள்ள சாதாரண டார்க் சாக்லேட்டில் 5 அல்லது 6. 70 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 9. கேக் செய்யப் பயன்படும் சர்க்கரை சேர்க்காத சாக்லேட்டில் 14 முதல் 16. கோகோ பவுடரில் 20-க்கு மேல், சிலவற்றில் 28 வரை போகும். வெள்ளைச் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய் மட்டும்தான் உண்டு, தியோப்ரோமின் ஏறக்குறைய இல்லை.

தின்ற கிராமை இந்த எண்ணால் பெருக்கி நாயின் எடையால் வகுங்கள். கிலோவுக்கு 20 மில்லிகிராம் வந்தாலே வாந்தி, வயிற்றுப்போக்கு, தாகம், நிலைகொள்ளாமல் அலைவது எல்லாம் தொடங்கலாம். 40-ஐத் தாண்டினால் இதயம் பாதிக்கப்படும். 60-க்கு மேல் வலிப்பு. இந்த எல்லைகள் ஆரோக்கியமான, வளர்ந்த நாய்க்கு. குட்டிகள், வயதானவை, இதய நோயோ வலிப்பு நோயோ உள்ளவை என்றால் இவ்வளவு தூரம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

எவ்வளவு தின்றது என்று தெரியாவிட்டால் காணாமல் போனது முழுவதையும் தின்றதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இரண்டு நாய் இருந்து யார் தின்றது என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முழு அளவையும் போட்டுக் கணக்குப் பாருங்கள். எடை தெரியாதவர்கள் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, அப்புறம் தனியாக ஏறி, கழித்துக்கொள்ளலாம்.

கரிசல் கேட்டதற்குத் தனியாக எழுதுகிறேன், அது கொஞ்சம் நீளம்.

மலைக்காற்று, இரவு 9:48

டாக்டர், உங்கள் படிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் நாய் தின்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதற்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதும் உண்மை. இப்படிப் பயமுறுத்தினால் ஒரு சின்னத் துண்டு விழுந்ததற்கெல்லாம் மக்கள் நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடுவார்கள். நாயும் மிரளும், வீணான செலவும்கூட.

நாலுகால், இரவு 9:55

மலைக்காற்று, உங்கள் நாயின் எடை எவ்வளவு, தின்றது எந்தச் சாக்லேட்?

மலைக்காற்று, இரவு 9:57

30 கிலோ இருக்கும். பிள்ளைகள் தின்னும் சாதாரண மில்க் சாக்லேட்தான். 40 கிராம் பட்டை, அதையும் முழுதாகத் தின்றிருக்காது.

நாலுகால், இரவு 10:03

முழுதாகத் தின்றதாகவே வைத்துக்கொள்வோம். 40 கிராமுக்கு ஏறக்குறைய 92 மில்லிகிராம். 30 கிலோவுக்கு வகுத்தால் 3. டாக்டர் சொன்ன 20-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. ஒன்றும் ஆகாமல் போனது சரிதான், ஆகியிருந்தால்தான் ஆச்சரியம். அதே பட்டையை 2 கிலோ எடையுள்ள சிவாவா தின்றிருந்தால் 46 வரும். அதே சாக்லேட், அதே அளவு, ஒரு நாய்க்கு ஒன்றுமில்லை, இன்னொன்றுக்கு இதயத்தில் கைவைக்கும்.

நீங்கள் சொன்னது பொய் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 8 கிலோ நாய் 70 சதவீத டார்க் சாக்லேட் தின்றிருக்கும்போது அந்த அனுபவம் அங்கே பொருந்தாது. இப்படி ஒவ்வொருவரும் தன் நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதுவதைப் படித்துவிட்டு யாராவது படுத்துத் தூங்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

மலைக்காற்று, இரவு 10:09

கணக்குப் புரிகிறது. 3-க்கும் 67-க்கும் இவ்வளவு தூரமா! தேன்சிட்டு, பால் கொடுக்கச் சொன்னதை விட்டுவிடுங்கள். ஆனால் சின்ன அளவு தின்றவர்கள் ஓட வேண்டுமா என்ற என் கேள்வி இன்னும் இருக்கிறது.

ஊசிமருந்து, இரவு 10:24

அது நியாயமான கேள்வி. கிலோவுக்கு 20-ஐவிட மிகவும் கீழே வருகிறது, நாய் ஆரோக்கியமானது, சாக்லேட்டில் வேறு எதுவும் கலக்கவில்லை என்றால் வீட்டிலேயே கவனித்துக்கொள்ளலாம். ஒரு போன் மட்டும் போட்டுச் சொல்லிவிடுங்கள், நேரில் வர வேண்டாம் என்று நாங்களே பலருக்குச் சொல்வோம். பெர்லினில் 2015 முதல் 2019 வரை சாக்லேட் தின்ற 156 நாய்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 112-க்கு எந்த அறிகுறியும் இல்லை. அறிகுறி இருந்த 44 நாய்களில் 43 பிழைத்தன. நல்ல செய்திதான், ஆனால் அவையெல்லாம் மருத்துவரிடம் வந்து சேர்ந்த நாய்கள் என்பதை மறக்கக் கூடாது. தியோப்ரோமினுக்கு மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது. உள்ளே போகவிடாமல் தடுப்பதும், போனது வெளியேறும் வரை உயிரைப் பிடித்து வைப்பதும்தான் எங்களால் முடிந்தவை. அதனால்தான் முதல் இரண்டு மணி நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு.

இனி கரிசலின் கேள்வி. மருத்துவமனையில் நாங்கள் அபோமார்ஃபின் என்ற ஊசி போடுவோம், சில நிமிடங்களில் வாந்தி வரும். சில நாடுகளில் ரோப்பினிரோல் என்ற கண் சொட்டு மருந்தும் இதற்கென்றே இருக்கிறது. இரண்டிலும் வாந்தியை நிறுத்தவும் எங்களிடம் வழி உண்டு. பெராக்சைடு அப்படியில்லை. அது இரைப்பையின் உட்சுவரைப் புண்ணாக்கித்தான் வாந்தியை வரவழைக்கிறது. 3 சதவீதக் கரைசலே இரைப்பையில் புண்ணை உண்டாக்கும். முடிக்குச் சாயம் போட வைத்திருக்கும் வீரியமான கரைசல் தொண்டையைச் சுட்டுவிடும், இரண்டையும் மாற்றி எடுத்தவர்கள் உண்டு. நுரை நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

அப்படியும், பல மணி நேரம் தள்ளி இருப்பவர்களுக்குச் சில சமயம் நாங்களே போனில் சொல்லி அதைக் கொடுக்க வைப்பது உண்டு. நாயின் இனம், எடை, தின்றது என்ன, இப்போது அதன் நிலை என்ன, எல்லாம் கேட்ட பிறகுதான். அளவை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் கேட்காமலே கொடுத்துவிடுவார்கள். பக், புல்டாக் போன்றவற்றுக்கு வேண்டாம். ஏற்கனவே நடுங்குகிற, தள்ளாடுகிற, மயங்கிய நாய்க்கு எதுவுமே வாயில் ஊற்றக் கூடாது. பூனைக்குப் பெராக்சைடு ஒருபோதும் கூடாது. விரலைத் தொண்டைக்குள் விடுவதும் கடுகு கரைத்து ஊற்றுவதும் வாந்தி வரவைக்காமல் காயத்தை மட்டும் உண்டாக்கும்.

நேரம் கடந்துவிட்டது என்று நினைத்துச் சும்மா இருப்பதும் தவறு. சாக்லேட் வயிற்றில் உருகி ஒட்டிக் கட்டியாகக் கிடக்கும். நான்கு, ஐந்து மணி நேரம் கழித்து வந்த நாய்களிடமிருந்தும் நிறைய வெளியே எடுக்க முடிகிறது.

பனித்துளி, இரவு 10:31

சர்க்கரை இல்லாத சாக்லேட் என்றால் ஆபத்து குறைவா? எங்கள் வீட்டில் அதுதான் இருக்கிறது. பூனையும் ஒன்று இருக்கிறது.

ஊசிமருந்து, இரவு 10:44

குறைவு இல்லை, அதிகம். உறையில் சைலிட்டால் என்று இருக்கிறதா பாருங்கள். அந்த இனிப்பு உள்ளே போனதும் நாயின் உடல் அதைச் சர்க்கரை என்று எண்ணி இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடலாம். கிலோவுக்கு 0.1 கிராம் போதும் அதற்கு. கிலோவுக்கு 0.5 கிராமுக்கு மேல் போனால் கல்லீரலே செயலிழக்கலாம். சைலிட்டால் இருந்தால் மேலே சொன்ன தியோப்ரோமின் கணக்கைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டாம், நேராகக் கிளம்புங்கள்.

சாக்லேட்டுக்குள் உலர்திராட்சை இருந்தாலும் அப்படித்தான். திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எந்த நாய்க்கு எவ்வளவில் கெடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. மெக்கடாமியா கொட்டை பின்னங்கால்களைத் தளர்த்தும். காபிக்கொட்டைமேல் சாக்லேட் பூசியது என்றால் கஃபீன் பல மடங்கு. வெள்ளைச் சாக்லேட்டில் விஷம் இல்லை என்றேன், கொழுப்பு உண்டு. அதை நிறையத் தின்றால் கணையம் வீங்கும்.

பூனைக்கும் தியோப்ரோமின் விஷம்தான். ஆனால் பூனையின் நாக்குக்கு இனிப்புத் தெரியாது, அதனால் அவை சாக்லேட்டைத் தேடிப் போவது குறைவு. தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். செடிக்கு அடியில் மூடாக்காகப் போட கோகோ ஓடு விற்கிறார்கள், நல்ல சாக்லேட் வாசனை வரும். அதிலும் தியோப்ரோமின் இருக்கிறது.

ஆழி, இரவு 10:52

நன்றி டாக்டர். ஒன்று மட்டும் பாக்கி. நாய் தின்றதை யாருமே பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டும்?

நாலுகால், இரவு 11:05

நான் நாய்கள் வளர்ப்பவன், பார்த்ததைச் சொல்கிறேன், டாக்டர் திருத்தட்டும். முதலில் நாய் ஒரு இடத்தில் படுக்காது. எழும், நடக்கும், மூச்சிரைக்கும், தண்ணீரைத் தேடித் தேடிக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். இந்த நேரத்தில் விளையாட்டுக் குணம் வந்திருக்கிறது என்று நினைத்துப் பந்தை எறிபவர்கள் இருக்கிறார்கள். வாந்தி வந்தால் வாசனையே காட்டிக்கொடுக்கும், பழுப்பாக இருக்கும். அப்புறம் தொடைத் தசை துடிப்பது, உடம்பு விறைப்பது, நடை தள்ளாடுவது. நெஞ்சில் கை வைத்தால் துடிப்பு எண்ண முடியாத வேகத்தில் ஓடும்.

ஊசிமருந்து, இரவு 11:12

திருத்த ஒன்றும் இல்லை. நேரம் மட்டும் சேர்க்கிறேன். அமைதியின்மை இரண்டு மணி நேரத்திலேயே தெரியலாம், முழு அறிகுறிகள் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள். மாலையில் தின்ற நாய் இரவு படுக்கும்வரை நன்றாக இருந்து விடியற்காலையில் வலிப்பில் கிடப்பது இதனால்தான். அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு வாந்தி எடுக்க வைக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. நடுக்கம் தொடங்கிய பிறகு நாங்கள் வாந்திக்கு மருந்து கொடுப்பதில்லை.

தேன்சிட்டு, இரவு 11:38

மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். போனதும் ஊசி போட்டார்கள், ஐந்து நிமிடத்தில் வாந்தி எடுத்தான். நிறைய வந்தது, உறைத் துண்டும் அதில் இருந்தது. அப்புறம் கரி மருந்து கொடுத்தார்கள். இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 170 இருக்கிறதாம், அதிகம் என்றார்கள். டிரிப்ஸ் ஏற்றி இரவு முழுவதும் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவனை விட்டுவிட்டு வர மனமில்லை, வெளியே உட்கார்ந்திருக்கிறோம். எல்லாருக்கும் நன்றி.

டாக்டர், வாந்தி எடுத்த பிறகும் ஏன் துடிப்பு குறையவில்லை?

ஊசிமருந்து, இரவு 11:50

கொஞ்சம் ஏற்கனவே ரத்தத்தில் ஏறியிருக்கும், அதற்கான துடிப்பு அது. வாந்தியில் எவ்வளவு நன்றாக வந்தாலும் எல்லாம் வந்துவிடாது. மிச்சத்தைப் பிடித்து வைக்கத்தான் கரி. பித்தத்தோடு திரும்பத் திரும்ப குடலுக்கு வரும் என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதனால் சில மணி நேரம் கழித்து இன்னொரு தடவை கரி கொடுக்கக்கூடும். கொடுத்தால் நிலைமை மோசமாகிவிட்டது என்று பயப்படாதீர்கள். டிரிப்ஸ் சிறுநீரைப் பெருக்கும், அவர்கள் அவனை அடிக்கடி வெளியே கூட்டிப்போவார்கள், சிறுநீர்ப்பையில் தேங்கினால் திரும்ப உள்ளே போய்விடும் என்பதற்காக. துடிப்பு இன்னும் ஏறினால் இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் மருந்து இருக்கிறது, நடுக்கம் வந்தால் டயசிபாம் இருக்கிறது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

கரிசல், நள்ளிரவு 12:06

கரி என்றால் சாதாரணக் கரியா டாக்டர்? அது வீட்டிலேயே கொடுக்கலாமே?

ஊசிமருந்து, நள்ளிரவு 12:15

இல்லை. இது செயலூட்டப்பட்ட கரி, ஒவ்வொரு துகளிலும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் இருக்கும்படி தயாரித்தது. அடுப்புக் கரிக்கு அந்தப் பிடிக்கும் சக்தி கிடையாது. மனிதர்கள் வயிற்று உப்புசத்துக்கு விழுங்கும் கரி மாத்திரையில் அளவு மிகக் குறைவு, நாய்க்கோ கிலோவுக்கு 1 முதல் 2 கிராம் வரை வேண்டும். சரியான கரியே கையில் இருந்தாலும் அடம்பிடிக்கும் நாயின் வாயில் ஊற்றும்போது நுரையீரலுக்குள் போனால் அதை வெளியே எடுக்க முடியாது. சில நாய்களுக்குக் கரி கொடுத்த பின் ரத்தத்தில் சோடியம் ஏறும், அதை ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டும். தயவுசெய்து இதை எங்கள் கையில் விட்டுவிடுங்கள்.

தேன்சிட்டு, மறுநாள் மாலை 6:20

மணி வீட்டுக்கு வந்துவிட்டான். இரவு 2 மணி வாக்கில் துடிப்பு 190 வரை போனதாகவும் மருந்து கொடுத்துக் குறைத்ததாகவும் காலையில் சொன்னார்கள். கால்கள் லேசாக நடுங்கினவாம், வலிப்பு வரவில்லை. பொட்டாசியம் குறைந்திருந்தது, டிரிப்ஸிலேயே சேர்த்தார்கள். மதியம் துடிப்பு 110-க்கு வந்த பிறகுதான் அனுப்பினார்கள். என்னைப் பார்த்ததும் கதவை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடினான்.

இப்போது மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது. இது ரத்தமா, கரியா? சாப்பாடு எப்போது கொடுக்கலாம்?

மலைக்காற்று, மாலை 6:27

மனசுக்கு நிம்மதியாக இருக்கிறது தேன்சிட்டு. நேற்று இரவு முழுக்க இதே நினைப்புதான். டாக்டரின் கணக்கை எழுதிச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டேன். பிள்ளைகளின் சாக்லேட் எல்லாம் இப்போது அந்த அலமாரிக்குள்தான், தாழ்ப்பாளும் போட்டாயிற்று. உறை பிரிக்காமல் பைக்குள் இருப்பதைக்கூட மோப்பம் பிடித்துவிடும் இவை.

ஊசிமருந்து, மாலை 6:45

மிகவும் மகிழ்ச்சி. கறுப்பு நிறம் கரியால்தான், ஓரிரு நாளில் மாறிவிடும். ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். கரி என்றால் கறுப்பாகவே பரவும். சிவப்போ செம்பழுப்போ ஓரத்தில் கசிந்தால் போன் செய்யுங்கள்.

இன்று இரவு கொழுப்பில்லாத மென்மையான உணவு, வழக்கத்தில் பாதி அளவு, இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். அடுத்த இரண்டு மூன்று நாள் ஓட்டமும் குதியும் வேண்டாம், ஆனால் சிறுநீர் போக அடிக்கடி வெளியே கூட்டிப்போங்கள்.

நான்கு நாள் வரைக்கும் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருங்கள். சாக்லேட்டில் இருந்த கொழுப்பு கணையத்தைப் பாதித்தால் அது உடனே தெரியாது, நன்றாகத் தேறிவிட்டான் என்று நினைக்கும் நேரத்தில் வரும். சாப்பிட மறுப்பது, திரும்ப வாந்தி, வயிற்றைத் தொட்டால் சுருங்குவது, முன்னங்காலை நீட்டிப் பின்பக்கத்தை உயர்த்தியே நிற்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கூட்டிப்போங்கள். பக் இனம் என்பதால் இருமலையும் தனியாகக் கவனியுங்கள். வாந்தி எடுத்தவன் என்பதால் இருமலோ காய்ச்சலோ வந்தால் நுரையீரலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேன்சிட்டு, மாலை 6:58

தாளில் தேய்த்துப் பார்த்தேன், கறுப்புதான். உணவு கொடுத்தேன், கிண்ணத்தை நக்கி முடித்துவிட்டான். இருமல் இல்லை. நாளைக்கு மறுபரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.